பெண்களிடம் தொடர்பில்லை: ஒரு வாக்கியத்தை வாசித்தல்

பிரான்சின் போர்தோ நகரைச் சுற்றியுள்ள ஜிரோந்து வட்டாரம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே வாழும் 1507 முதியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இசபெல் பால்டியும் அவருடைய குழுவினரும் 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வேலையிடத்தில் பூச்சிக்கொல்லிக்கு ஆளானவர்களுக்கு முதுமையில் நரம்புச் சிதைவு நோய்கள் கூடுதலாக வருகின்றனவா என்பது கேள்வி. ஆண்களைப் பொறுத்தவரை விடை கடுமையாக இருந்தது. பார்க்கின்சன் நோய்க்கான ஆபத்து ஐந்தரை மடங்கு, அல்சைமர் நோய்க்கான ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். பெண்களுக்கு ஒரே ஒரு வரிதான். அவர்களிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

இந்தத் துறையில் பெயர்பெற்ற ஆய்வு இது. நாணயமான ஆய்வும்கூட. ஐந்தரை மடங்கு என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அது ஒன்றரை மடங்காகவும் இருக்கலாம், இருபத்தொரு மடங்குக்கு மேலும் போகலாம் என்ற எச்சரிக்கையையும் அவர்கள் அச்சிட்டிருக்கிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் கணக்கு இப்படித்தான் அலையும். ஆனால் ஆண்களைப் பற்றிய எண்ணுக்குக் கிடைத்த இந்தத் தயக்கம் பெண்களைப் பற்றிய வரிக்குக் கிடைக்கவில்லை. காணப்படவில்லை என்பதை இல்லை என்று படித்துவிடுவது சுலபம். பிறகு அதையே ஆபத்து இல்லை என்று படித்துவிடுவது இன்னும் சுலபம். அந்த ஒற்றை வரி எதிலிருந்து பிறக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அங்கே ஒருவர் நஞ்சுக்கு ஆளானாரா என்பதை அவர் வாழ்நாளில் பார்த்த தொழில்களின் பட்டியலை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். இன்ன தொழில், இன்ன காலம், ஆகவே இவ்வளவு நஞ்சு என்று சொல்லும் ஓர் அட்டவணை. அந்த ஆய்வின் முதியவர்களில் பெரும்பாலோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள். அந்தத் தலைமுறையின் பிரெஞ்சு விவசாயக் குடும்பத்துப் பெண் காலையிலிருந்து இரவுவரை தோட்டத்தில் உழைத்தாலும், அரசுக் காகிதத்தில் தொழில் இல்லாதவள் என்றே எழுதப்படுவாள். கணவனோடு சேர்ந்து உழைக்கும் மனைவிக்குத் தனியான சட்ட அந்தஸ்தும் அதற்குரிய ஓய்வூதிய உரிமையும் 1999ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில்தான் ஓரளவு உருப்பெற்றன. அதற்குள் இந்த ஆய்வின் கடைசிக் கண்காணிப்பே முடிந்துவிட்டது. தொழிலே இல்லாதவள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லப்பட்ட ஒருத்தியிடம் போய் உங்கள் தொழில் என்ன என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்த வட்டாரத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் எப்படிப் பதில் சொன்னார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தொழிற்பட்டியலை அளவுகோலாக எடுக்கும் எந்த ஆய்வும் இந்தக் கேள்வியைக் கடக்காமல் பெண்களைப் பற்றி முடிவு சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

இன்னொன்று, தெளிப்பது மட்டும்தான் நஞ்சோடு பழகும் வேலை என்ற நினைப்பு. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பது பெரும்பாலும் ஆணின் வேலை. டிராக்டர், தெளிப்பான், உரிமச் சான்று எல்லாம் அவனுடையவை. அடித்து முடித்த பிறகு கொடிகளுக்கிடையே போய்க் கிளைகளைக் கம்பியில் கட்டுவது, கம்பியை உயர்த்திவிடுவது, மிகுந்த இலைகளைக் கிள்ளிப்போடுவது போன்ற கைவேலைகளில் பெண்கள் நிறையப் பேர். நஞ்சு படிந்த இலையைத் தொடுவது அவர்கள் கை, உரசுவது அவர்கள் முகம். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பருவம் முழுக்க. பால்டியின் குழுவே பின்னாளில் இந்தத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய், தெளித்த பிறகு உள்ளே நுழைபவர்களின் உடலில் எவ்வளவு பூஞ்சைக்கொல்லி படிகிறது என்று அளந்தது. கம்பி உயர்த்துவதும் இலை கிள்ளுவதும் கணிசமான நஞ்சைச் சேர்க்கும் வேலைகள் என்று பதிவு செய்தது. தன் பழைய கேள்வியின் எல்லையைத் தானே போய் அளந்து பார்க்கும் ஆய்வாளர்கள் குறைவு. அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் 2003ஆம் ஆண்டின் வரி மேற்கோள் காட்டப்படும் அளவுக்குப் பிந்தைய அளவீடு காட்டப்படுவதில்லை.

அமெரிக்காவுக்குப் போவோம். அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் 1997 வரை ஆட்களைச் சேர்த்த வேளாண் நலவாழ்வு ஆய்வு உலகிலேயே இத்துறையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்த அங்கே உரிமம் வேண்டும். உரிமம் எடுக்க வந்த விவசாயிகளிடம் வினாத்தாளைக் கொடுத்தார்கள். 52,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் வழியாக 32,000க்கும் மேற்பட்ட துணைவியர் சேர்ந்தார்கள். ஆம், ஆய்வில் அவர்களின் பிரிவுக்குப் பெயரே அதுதான். வாழ்க்கைத்துணை. ஆண் அங்கே தெளிப்பாளனாக நுழைகிறான், பெண் தெளிப்பாளனின் மனைவியாக. அந்த மனைவியரிடம் விசாரித்தபோது பாதிப் பேருக்கு மேல் தாங்களே மருந்து கலக்கியிருப்பதாக அல்லது தெளித்திருப்பதாகச் சொன்னார்கள். வினாத்தாளில் கேட்டதால் தெரிந்தது. கேட்டிருக்காவிட்டால் அவர்களும் தொடர்பில்லாதவர்கள்தான். இந்த ஆய்வைப் பெண்ணிய நோக்கில் பாராட்ட வேண்டிய இடமும் இதுவே. மருந்துபட்ட உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்கிறீர்களா என்பதுவரை அவர்கள் விசாரித்தார்கள். உரிமம் எடுக்கும் தகுதியே இல்லாத கூலித்தொழிலாளர்கள், பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள், இந்த மாபெரும் ஆய்வுக்கு வெளியே நின்றார்கள். வர்க்கம் கதவிலேயே வடிகட்டிவிட்டது.

எல்லா முடிவுகளும் ஒரே பக்கம் சாய்கின்றன என்று சொன்னால் அது பொய். மேலே சொன்ன ஆய்வின் உள்ளேயே நோயாளிகளையும் நோயற்றவர்களையும் நேரில் பரிசோதித்து 2011இல் கரோலின் டேனர் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, பாராகுவாட் என்ற களைக்கொல்லியையும் ரோடினோன் என்ற பூச்சிக்கொல்லியையும் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் இரண்டரை மடங்கு கூடுதல் என்றது. முழு ஆய்வுக்கூட்டத்தையும் வைத்து 2020இல் வந்த கட்டுரையில் பாராகுவாட்டுக்கு அப்படிப் பொதுவான உயர்வு தெரியவில்லை. தலையில் அடிபட்டவர்களிடையே மட்டும் தெரிந்தது. கையுறை அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் ஆபத்து வேறுபடுகிறது என்றும் பிற பகுப்பாய்வுகள் காட்டின. கையுறை பற்றிய இந்தச் சிறு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாராகுவாட்டை ஏன் சந்தேகிக்கிறார்கள் என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1982இல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று உறைந்துபோனார்கள். கை கால் அசையவில்லை, பேச்சில்லை. முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே இருந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் மற்றவர்களும் தேடியபோது, கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளில் எம்.பி.டி.பி. என்ற கலப்பு இருந்தது தெரிந்தது. அது உடலுக்குள் போய் எம்.பி.பி. என்ற நஞ்சாக மாறி, நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைக் குறிவைத்துக் கொல்கிறது. அந்த எம்.பி.பி.யின் வேதியியல் வடிவம் பாராகுவாட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. ரோடினோன் செல்லின் ஆற்றல் உற்பத்தியை அதே போல் முடக்குகிறது. அது செடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் பொருள். அந்த வேர், டெரிஸ், இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மலாயாவிலிருந்து மேலை நாடுகளுக்கு ஏற்றுமதியானது. இயற்கைப் பொருள் என்பதால் தீங்கில்லை என்று நம்புவோர் இதையும் கவனிக்கலாம்.

பார்க்கின்சன் பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஈஸ்ட்ரோஜன் பெண்களின் மூளைக்குக் காப்பாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம், உடற்கூறு வேறுபாட்டை மறுக்க வேண்டிய அவசியம் பெண்ணியத்துக்கு இல்லை. ஆனால் அந்த ஒன்றரை மடங்கில் எவ்வளவு ஹார்மோன், எவ்வளவு வேலைப் பிரிவினை, எவ்வளவு மருத்துவரிடம் போய்ச் சேர ஆகும் தாமதம் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஈஸ்ட்ரோஜன் கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனம்.

வேலைப் பிரிவினையே தலைகீழான ஓர் இடத்தைப் பார்த்தால் இது விளங்கும். மருந்தடிப்பதே பெண்ணின் வேலையாக இருந்த இடம். அது நம்மவர்களின் கதை. மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்தவர்களில் பெரும் பங்கினர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். முதுகில் மருந்துத் தொட்டி, கையில் பிடிகுழாய், நிரை நிரையாக நடை. குலை வெட்டுவது பலம் வேண்டிய வேலை, அது ஆணுக்கு, கூலி கூடுதல். மருந்தடிப்பது இலேசான வேலை, அது பெண்ணுக்கு, கூலி குறைவு. தொட்டியின் கனத்தை இலேசு என்று முடிவு செய்தவர் அதைச் சுமக்கவில்லை. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள். கொடுக்கப்பட்ட முகக்கவசமும் கையுறையும் அந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஒத்துவராதவை. கையுறை ஆபத்தை மாற்றுகிறது என்று அமெரிக்க ஆய்வு சொன்னது இந்தக் கைகளைப் பார்த்து அல்ல.

இந்தப் பெண்களை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவை பல்கலைக்கழகங்கள் இல்லை. ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும்தான். 1992இல் வசந்தி ஆறுமுகம் எழுதிய ஆய்வு குரலற்ற பாதிப்பாளர்கள் என்ற பொருளில் தலைப்பிடப்பட்டது. பத்தாண்டு கழித்து 2002இல் வந்த அடுத்த அறிக்கையின் தலைப்பு நஞ்சூட்டப்பட்டு மௌனமாக்கப்பட்டவர்கள் என்று பொருள்படும். இவ்விரு தலைப்புகளுக்கும் இடையில் ஒரு நகர்வு தெரிகிறது. முதலாவதில் குரல் இல்லை. இரண்டாவதில் குரல் இருக்கிறது, யாரோ அதை அடக்கியிருக்கிறார்கள். தலைச்சுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், கண் எரிச்சல், தோல் நோய், முதுகுவலி எல்லாம் அந்தப் பெண்களின் வாய்மொழியாகவே பதிவாயின. தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் கொடுத்த மாத்திரையோடு முடிந்துபோயிருக்க வேண்டிய வலிகள் ஓர் ஆவணமாகின. பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக மலேசிய அரசு 2002 ஆகஸ்டில் அறிவித்ததில் இந்த எழுத்துக்குப் பங்குண்டு.

அந்த அறிக்கைகளின்மேல் எனக்குள்ள மதிப்பு குறையாமலே ஒரு விமர்சனத்தை வைக்க வேண்டும். அவை நிகழ்காலத்து உடலை எழுதின. இன்று அடித்தாள், இன்று மயங்கினாள், இந்த வாரம் கண் எரிகிறது. முப்பது வருடம் கழித்து இவளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவற்றின் மையமாக இல்லை. தடைக்காகப் போராடுகிறவருக்கு உடனடிச் சான்று தேவை என்பது புரிகிறது. ஆனால் பெண்ணிய எழுத்தில் பொதுவாகவே ஒரு சாய்வு இருக்கிறது. பூச்சிக்கொல்லியும் பெண்ணும் என்று தொடங்கினால் பேச்சு கருச்சிதைவுக்கும் தாய்ப்பாலுக்கும் போய்விடுகிறது. அவை பேசப்பட வேண்டியவை, பேசினோம். கருப்பைக்கு அப்பால் பெண்ணுக்கு ஒரு மூளை இருக்கிறது, அதற்கும் வயதாகிறது என்பதை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. கருத்தரிக்கும் வயது தாண்டியதும் தொழிலாளிப் பெண் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைவதைப் போலவே, நம் எழுத்திலிருந்தும் மறைந்துவிடுகிறாள். மேற்கின் ஆய்வுகள் முதுமையைப் பார்த்தன, தெளிக்கும் பெண்ணைப் பார்க்கவில்லை. நம் அறிக்கைகள் தெளிக்கும் பெண்ணைப் பார்த்தன, அவள் முதுமையைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே அவள் கை நடுங்கினால் அது வயசுக் கோளாறு.

தடையின் கதையும் இதையே காட்டுகிறது. தோட்ட முதலாளிகளும் உற்பத்தியாளர்களும் எதிர்த்தார்கள். 2006 நவம்பரில் மலேசிய அரசு தடையைத் தளர்த்தியது. அடுத்த எட்டு மாதத்தில், 2007 ஜூலை 11 அன்று, ஸ்வீடன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் பாராகுவாட்டுக்கு ஐரோப்பாவில் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று, பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளை ஐரோப்பிய ஆணையம் மதிப்பிடவே இல்லை என்பது. ஆக, ஒரு கண்டம் தன் மக்களின் மூளையை முன்னிட்டுக் கேள்வி எழுப்பிய நேரத்தில், செம்பனை நிரைகளில் தொட்டிகள் மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தன. மலேசியாவில் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். இலங்கை அதற்கு முன்பே, 2008 முதல், பாராகுவாட்டைக் கட்டம் கட்டமாக நிறுத்தியிருந்தது. அங்கே காரணம் தற்கொலைகள். ஒரு மடக்கு குடித்தவரின் மரணம் உடனே கணக்கில் ஏறுகிறது. பத்து வருடம் தோல்வழி உள்ளே போனது ஏறுவதில்லை.

பிரான்ஸ் 2012இல் விவசாயத் தொழிலாளர்களின் பார்க்கின்சனைப் பூச்சிக்கொல்லியால் வரும் தொழில்நோயாக அங்கீகரித்தது. பத்து ஆண்டு வேலையில் நஞ்சுக்கு ஆளாகியிருக்க வேண்டும். வேலையை விட்டபின் குறிப்பிட்ட காலத்துக்குள் நோய் தெரிந்திருக்க வேண்டும். முதலில் அந்தக் காலம் ஒரே ஒரு வருடமாக இருந்தது, பிறகு ஏழு வருடமாக்கினார்கள். மெல்ல வளரும் நோய்க்கு ஒரு வருடம் என்று விதித்தவர்களின் கருணையை என்னவென்பது! ஆனாலும் அந்த விதியில் நல்ல அம்சம் ஒன்றுண்டு. மருந்தடித்தவரை மட்டுமில்லாமல், மருந்தடித்த பயிரைத் தொட்டு வேலை செய்தவரையும் அது ஏற்கிறது. திராட்சைக் கொடி கட்டிய பெண் சட்டத்துக்குள் வர முடிகிறது, ஆய்வுக்குள் வராவிட்டாலும்.

இதே அளவுகோலை மலேசியத் தமிழ்ப் பெண்ணிடம் வைத்துப் பாருங்கள். 1985இல் முப்பது வயதில் மருந்தடித்தவளுக்கு இப்போது எழுபது. பார்க்கின்சன் வரும் வயது. பத்தாண்டு வேலையை அவள் எதைக்கொண்டு நிரூபிப்பாள்? செக்ரோலில் அவள் பெயர் தினக்கூலிக்காரியாக இருந்திருக்கும், என்ன மருந்து என்று எழுதியிருக்காது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகியிருக்கலாம். லயத்து வீடு இடிபட்டிருக்கும். தண்டலும் கிராணியும் எங்கே என்று தெரியாது. அவளுக்கே அந்த மருந்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம், தொட்டியில் கலக்கியதன் நிறம்தான் நினைவிருக்கும். இதில் தமிழும் கொஞ்சம் துணைபோயிருக்கிறது. நஞ்சை மருந்து என்று சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. மருந்தடிக்கப் போனேன் என்று ஒரு முதியவள் நரம்பியல் மருத்துவரிடம் சொன்னால், தமிழ் தெரியாத மருத்துவருக்கு அதை மொழிபெயர்ப்பவர் என்ன சொல்லிவைப்பாரோ.

தொழில்பெயரைக் கேட்காமலும் கணக்கிட வழி உண்டு. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் எந்த வயலில் எந்த நாளில் எந்த மருந்து எவ்வளவு அடித்தார்கள் என்று அரசு பதிவேடு வைத்திருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வு அதை வீட்டு முகவரிகளோடு பொருத்திப் பார்த்தது. வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மேனெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் தெளிக்கப்பட்டிருந்தால் பார்க்கின்சன் ஆபத்து 75 சதவீதம் கூடியது. உங்கள் வேலை என்ன என்ற கேள்வியை உங்கள் வீடு எங்கே இருந்தது என்று மாற்றியதும், மனைவியும் பாட்டியும் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே லயம், லயத்துக்குப் பக்கத்திலேயே ஆயாக் கொட்டகை என்று வாழ்ந்தவர்களுக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு வேண்டிய பதிவேடுதான் நம்மிடம் இல்லை. ஆகவே நினைவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோட்ட வாழ்க்கையை வாய்மொழி வரலாறாகச் சேகரிக்கும் மாணவிகள் இன்று மலேசியாவிலும் இங்கும் இருக்கிறார்கள். பால்வெட்டு, கோயில் திருவிழா, துண்டாடல், இடப்பெயர்வு எல்லாம் கேட்கிறார்கள். அந்த வினாத்தாளில் ஒரு பக்கம் கூட்டலாம். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை மருந்தடித்தீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தொட்டி. கலக்கியது யார், எந்தக் கையால். தொட்டி ஒழுகுமா, முதுகு நனையுமா. மதியச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவத் தண்ணீர் இருந்ததா. பூ வாசம், குழம்பு வாசம் இப்போது தெரிகிறதா, தெரியாமல்போய் எத்தனை வருடம் ஆகிறது. நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே வாசனை போய்விடும் என்பதால் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. நீங்கள் அடிக்கவில்லை என்றால், அடித்துவிட்டு வந்தவரின் உடுப்பைத் துவைத்தது யார்.